4×5 ஷீட் ஃபிலிமை வீட்டிலேயே டேலைட் டேங்கில் கழுவுவது எப்படி?

நான் முதன்முதலில் கழுவிய ஆறு 4×5 ஷீட்டுகளில் (ரோலாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும், 4 அங்குலத்துக்கு 5 அங்குல ஃபிலிம்) ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. நாலு ஷீட்டின் மேல்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டை. மீதி இரண்டும் டேங்குக்குள் நழுவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடம் மருந்தே படாமல் பால் நிறத்தில் அப்படியே நின்றது. மருந்து சரியாகத்தான் கலந்திருந்தேன். நேரமும் சரி, வெப்பமும் சரி. தவறு நடந்தது இரண்டே இடத்தில்: இருட்டில் ஷீட்டை ஏற்றியதிலும், டேங்கில் ஊற்றிய அளவிலும்.

ரோல் ஃபிலிம் கழுவிப் பழகியவர்கள்கூட இந்த இரண்டு இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அந்த இரண்டையும் நிறையவே எழுதியிருக்கிறேன். மற்றவை ரோலுக்கும் ஷீட்டுக்கும் பெரும்பாலும் பொது. இங்கே சொல்வதெல்லாம் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டும். ஒரு சொல் குழப்பம் வராமல் இருக்க: டெவலப் செய்வதைக் 'கழுவுவது' என்றும், கடைசியில் தண்ணீரில் சுத்தம் செய்வதை 'அலசுவது' என்றும் எழுதுகிறேன்.

1. முதலில் டேங்கை முடிவு செய்யுங்கள்

டேலைட் டேங்க் என்றால், ஷீட்டை ஏற்றி மூடும் வரைதான் இருட்டு வேண்டும். மூடிவிட்டால் மீதி வேலை முழுக்க விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். தனி டார்க்ரூம் தேவையில்லை. புதியவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்கிறார்கள்.

முதலாவது, பேட்டர்சன் மூன்று ரீல் (ரோல் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சக்கரம்) டேங்கும் அதற்குள் பொருந்தும் மாட் 54 என்ற சட்டகமும். ஆறு ஷீட் வரை பிடிக்கும். ஏற்கெனவே அந்த டேங்க் இருந்தால் சட்டகம் மட்டும் வாங்கினால் போதும். குறை என்னவென்றால், இரண்டு ஷீட் கழுவினாலும் ஒரு லிட்டர் மருந்து ஊற்றியாக வேண்டும்.

இரண்டாவது, ஸ்டியர்மன் பிரஸ் எஸ்பி-445. தட்டையான சிறிய டேங்க். நாலு ஷீட்டுக்கு 475 மில்லி போதும். மருந்து மிச்சம், ஏற்றுவதும் சுலபம். ஆனால் மருந்து ஊற்றும் வாய் சிறியது, கொஞ்சம் நிதானமாகத்தான் ஊற்ற முடியும்.

மூன்றாவது, ஜோபோ 2509என் ரீலும் அதற்கான 2500 வரிசை டேங்கும். ஆறு ஷீட் பிடிக்கும். படுக்க வைத்து உருட்டினால் 270 மில்லியிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் மூன்றில் செலவு அதிகமான வழி இது.

இவை இல்லாமல், ஷீட்டைச் சுருட்டி முடிக்குப் போடும் ரப்பர் வளையத்தை மாட்டி, சாதாரண ரோல் டேங்கில் நிறுத்திக் கழுவுபவர்களும் உண்டு. செலவே இல்லை என்பது உண்மைதான். ஆனால் இருட்டில் ஷீட்டைச் சுருட்டும்போது விரல் அழுத்தி மடிப்பு விழும் வாய்ப்பு அதிகம். முதல் முறைக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

என் தேர்வைக் கேட்டால், மாதத்துக்கு நாலைந்து ஷீட் எடுப்பவருக்கு எஸ்பி-445. ஒரே நாளில் பத்து, பன்னிரண்டு எடுத்து வருபவருக்கு மாட் 54.

2. கையில் இருக்க வேண்டியவை

சேஞ்சிங் பேக் (வெளிச்சம் புகாத, கை மட்டும் நுழையும் பை) அல்லது கூடாரம் போல நிமிர்ந்து நிற்கும் சேஞ்சிங் டென்ட். முடிந்தால் டென்டே வாங்குங்கள். ரோலுக்கு வாங்கிய சிறிய பையில் மூன்று ரீல் டேங்க், சட்டகம், ஹோல்டர்கள் (பக்கத்துக்கு ஒரு ஷீட்டை வைத்துக் கேமராவில் செருகும் தட்டையான உறைகள்) எல்லாம் வைத்தால் கை அசைக்க இடம் இருக்காது. துணி ஷீட்டின் மேல் விழுந்து உரசும்.

அரை டிகிரி வித்தியாசம் காட்டும் தெர்மாமீட்டர், ஒரு லிட்டர் அளவுக் குவளை மூன்று, 10 மில்லி அல்லது 20 மில்லி ஊசியில்லா சிரிஞ்ச், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், நைட்ரில் கையுறை, துணி கிளிப்.

மருந்தில் மூன்று: டெவலப்பர் (படத்தைத் தெரிய வைப்பது), ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்க வைப்பது). கூடவே, காயும்போது நீர்த்துளி கறை விழாமல் இருக்க வெட்டிங் ஏஜென்ட் சிறிய பாட்டில் ஒன்று.

காலியான ஃபிலிம் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் மூன்று மூடிகள் கொண்ட அந்தப் பெட்டிதான், எடுத்து முடித்த ஷீட்டை வெளிச்சம் படாமல் வைக்க மிக நம்பிக்கையான இடம். இருட்டில் ஏதாவது சிக்கினால் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிட்டு வெளியே வந்து யோசிக்கலாம். ஏற்றும்போதெல்லாம் ஒரு காலிப் பெட்டி என் பைக்குள் இருக்கும்.

3. செலவுக் கணக்கு

நாலு 4×5 ஷீட்டின் பரப்பு 80 சதுர அங்குலம். கிட்டத்தட்ட ஒரு 35 மிமீ 36 ஃபிரேம் ரோல் அல்லது ஒரு 120 ரோலின் பரப்பு அது. மருந்து எத்தனை ஷீட்டுக்கு வரும் என்ற கணக்கை இதை வைத்தே போடலாம். பாட்டிலில் 'இத்தனை ரோல்' என்று இருந்தால் நாலால் பெருக்குங்கள், ஷீட் எண்ணிக்கை வந்துவிடும்.

1+31 என்று எழுதியிருப்பதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது ஒரு பங்கு மருந்துக்கு 31 பங்கு தண்ணீர், மொத்தம் 32 பங்கு. ஹெச்சி-110 டெவலப்பரை இந்த விகிதத்தில் ஒரு லிட்டர் கலக்க 31 மில்லி வேண்டும்; 475 மில்லிக்கு 15 மில்லி. ரோடினால் 1+50 என்றால் ஒரு லிட்டருக்கு சுமார் 20 மில்லி. டி-76 அல்லது ஐடி-11ஐ 1+1 ஆகக் கலந்தால் ஒரு லிட்டருக்கு அரை லிட்டர் ஸ்டாக் (இன்னும் நீர்க்காத மூலக் கரைசல்) போய்விடும்.

இப்படி நீர்க்கக் கலந்த டெவலப்பரை ஒரு தடவை பயன்படுத்தியதும் கொட்டிவிட வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டாம் முறை ஊற்றாதீர்கள். ஷீட்டின் விலையோடு பார்த்தால் அதைக் கழுவும் டெவலப்பரின் விலை மிகச் சிறியது. ஃபிக்ஸரை மட்டும் பாட்டிலில் திருப்பி ஊற்றிப் பல தடவை பயன்படுத்தலாம்.

4. ஆவணம்: ஒரு தாள், ஒரு நோட்டு

உங்கள் ஃபிலிமின் தகவல் தாளையும் டெவலப்பரின் தகவல் தாளையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை யாரோ சொன்னதை வைத்துத் தொடங்க வேண்டாம். உதாரணமாக இல்ஃபோர்டின் அட்டவணைப்படி எஃப்பி4 பிளஸ், ஐடி-11 1+1, 20 டிகிரி என்றால் 11 நிமிடம். அதே மருந்தில் ஹெச்பி5 பிளஸுக்கு 13 நிமிடம். இரண்டு நிமிட வித்தியாசம் நெகட்டிவில் நன்றாகத் தெரியும், அதனால் இரண்டு வகை ஃபிலிமை ஒரே டேங்கில் போடாதீர்கள்.

நோட்டில் ஷீட்டுக்கு ஒரு வரி: ஹோல்டர் எண், எந்தப் பக்கம், என்ன ஃபிலிம், எக்ஸ்போஷர், கழுவிய தேதி, மருந்து விகிதம், வெப்பம், நேரம். ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் பென்சிலால் எண் எழுதிவிடுங்கள். ஒரு ஹோல்டரில் வெளிச்சம் கசிந்தால் எந்த ஹோல்டர் என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

5. வெளிச்சத்தில் பழகுங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஷீட்டைப் பலி கொடுங்கள். காலாவதியான ஷீட் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை எடுத்து மேசையில் உட்கார்ந்து கண் திறந்தபடி பத்து முறை ஏற்றி இறக்குங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை. அப்புறம் பைக்குள் கைவிட்டு ஐந்து முறை. தடுமாறாமல் ஏற்ற வந்த பிறகே எடுத்த படத்தைத் தொடுங்கள். அரை மணி நேர வேலை இது.

இந்தப் பழக்கத்தில் விரலுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம், விளிம்பில் வெட்டியிருக்கும் சிறு பள்ளங்கள், அதாவது நாட்ச். ஷீட்டை நெடுக்காகப் பிடிக்கும்போது மேல் விளிம்பில் வலது மூலையில் நாட்ச் இருந்தால், எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது என்று அர்த்தம். நான் வலது கை ஆள்காட்டி விரலை நாட்ச் மேல் வைத்தே ஷீட்டை எடுப்பேன். விரல் அங்கே இருக்கும் வரை பக்கம் மாறாது. ஒவ்வொரு ஃபிலிமுக்கும் நாட்ச் வடிவம் வேறு வேறு. அதனால் இருட்டிலேயே எந்த ஃபிலிம் என்றும் விரலால் சொல்லிவிடலாம்.

மாட் 54 சட்டகத்தில் எமல்ஷன் உள்பக்கம், நடுத்தண்டைப் பார்த்து இருக்க வேண்டும். எஸ்பி-445இல் நேர்மாறு: ஒரு தாங்கியில் இரண்டு ஷீட் முதுகோடு முதுகாக நிற்கும், எமல்ஷன் வெளிப்பக்கம். ஒன்றில் பழகி இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

6. இருட்டில் ஏற்றுதல்

சாதாரண பான்க்ரோமாட்டிக் (எல்லா நிற ஒளியையும் உணரும்) ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது, முழு இருட்டுதான். பைக்கு பதிலாக அறையையே இருட்டாக்குவதானால், விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் தெரியாத கசிவு ஐந்தாம் நிமிடத்தில் கதவிடுக்கில் தெரியும். கைப்பேசி, ஒளிரும் கைக்கடிகாரம் இரண்டையும் வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

பையை மூடும் முன் ஒரு முறை எண்ணுங்கள்: டேங்க், மூடி, சட்டகம், நடுத்தண்டு, ஹோல்டர்கள், காலிப் பெட்டி. பேட்டர்சன் டேங்கில் அந்த நடுத்தண்டை மறந்தால் மூடி போட்டாலும் வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும். பை மூடிய பிறகு நினைவு வந்தால், ஷீட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத்தான் திறக்க முடியும்.

கை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பைக்குள் பத்து நிமிடம் கை இருந்தாலே வியர்க்கத் தொடங்கும். வியர்வை பட்ட எமல்ஷன் ஒட்டும், விரல் ரேகை அப்படியே பதியும். ஒரு ஷீட் உள்ளே போக மறுத்தால் பலம் காட்டாதீர்கள். வெளியே எடுத்து மறுபடி முயலுங்கள். அழுத்தி வளைத்தால் பிறை வடிவில் கறை விழும், அதை எந்த மருந்தும் நீக்காது.

ஹோல்டரிலிருந்து எடுக்கும் வரிசையையும் முன்பே முடிவு செய்யுங்கள். டார்க் ஸ்லைடின் (ஹோல்டரில் ஷீட்டை மூடும் தகடு) கறுப்புப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுத்தது, வெள்ளைப் பக்கம் தெரிந்தால் எடுக்காதது என்பது வழக்கம். வெள்ளைப் பக்கத்தின் விளிம்பில் சிறு புடைப்புகள் இருக்கும். இருட்டில் அவற்றைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

முதல் முறை இரண்டு ஷீட் போதும், அதுவும் ஒரே காட்சியை ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தவை. ஒன்று கெட்டாலும் படம் தப்பும். மாட் 54 ஆறு பிடிக்கும் என்றாலும், அந்த முதல் முறைக்குப் பிறகு நான் இன்றுவரை நாலுக்கு மேல் ஏற்றுவதில்லை. இடைவெளி இருந்தால் மருந்து தாராளமாகப் புழங்கும், ஷீட் நழுவினாலும் பக்கத்து ஷீட்டைத் தொடாது. ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு ஷீட்டின் மேல்முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தூக்கலாக இருந்தால் அது தன் இடத்தில் உட்காரவில்லை.

7. அளவும் வெப்பமும்

என் முதல் நாலு ஷீட்டில் வந்த வெளிறிய பட்டைக்குக் காரணம் இதுதான். மூன்று ரீல் டேங்கின் அடியில் 35 மிமீ ரீல் ஒன்றுக்கு 290 மில்லி என்று போட்டிருந்தது. மூன்றால் பெருக்கி 870 மில்லி ஊற்றினேன். அந்தக் கணக்கு ரீலுக்கானது. நிமிர்ந்து நிற்கும் ஷீட்டின் மேல்முனை மருந்துக்கு வெளியே நின்றுவிட்டது. கவிழ்க்கும்போது மட்டும் அந்த இடத்தில் மருந்து பட்டது, மற்ற நேரம் இல்லை.

அதனால் முதலில் வெளிச்சத்தில், வெறும் தண்ணீரோடு சோதியுங்கள். பலி கொடுத்த ஷீட்டை ஏற்றி, அளந்து தண்ணீர் ஊற்றி, ஷீட் முழுக்க மூழ்கி அதற்கு மேலும் கொஞ்சம் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த அளவை டேங்கின் மேல் அழியாத மையால் எழுதுங்கள்.

வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால், ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலை அதில் போட்டு, மருந்துக் குவளைகளை அந்தத் தண்ணீரில் நிறுத்துங்கள். மருந்துக்குள் நேரடியாக ஐஸ் போடக் கூடாது, விகிதம் மாறிவிடும். 20க்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் 22, 24 டிகிரியிலும் கழுவலாம், நேரத்தைக் குறைக்க வேண்டும். தோராயமாக ஒரு டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு. 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24 டிகிரியில் கிட்டத்தட்ட 7 நிமிடம். ஆனால் கணக்கு 5 நிமிடத்துக்குக் கீழே போனால் இன்னும் நீர்க்கக் கலந்து நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். குறைந்த நேரத்தில் கழுவினால் வானம் போன்ற வெறும் பரப்பில் திட்டுத் திட்டாக விழும்.

எல்லா மருந்தும், அலசும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கட்டும்.

8. டெவலப்பர்

மூன்று குவளையையும் இடமிருந்து வலமாக, ஊற்றும் வரிசையில் வைத்துப் பெயர் ஒட்டுங்கள். ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டால் படம் முழுதாகப் போய்விடும், மீட்க வழியே இல்லை.

விரும்பினால் ஒன்றிரண்டு நிமிடம் 20 டிகிரி தண்ணீரில் ஊற வைக்கலாம். கொட்டும்போது தண்ணீர் நீலமாகவோ ஊதாவாகவோ பச்சையாகவோ வரும். பயப்பட வேண்டாம், அது ஃபிலிமின் முதுகில் இருக்கும் சாயம். வாய் சிறிய டேங்கில் நான் ஊற வைக்காமல் இருப்பதில்லை. டெவலப்பர் நிரம்பப் பத்து, பதினைந்து நொடி ஆகும்போது, ஏற்கெனவே நனைந்த ஷீட்டில் கோடு விழும் வாய்ப்பு குறைவு.

டெவலப்பரை ஊற்றத் தொடங்கும்போதே கடிகாரத்தைத் தொடங்குங்கள். ஊற்றி முடித்து மூடியதும் டேங்கை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், ஷீட்டில் ஒட்டிய காற்றுக் குமிழ் விட்டுவிடும். அப்புறம் முதல் 10 நொடியில் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அதன் பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 நொடியில் நாலு முறை. இது இல்ஃபோர்டு சொல்லும் முறை.

ரோல் கழுவிய கைக்கு இங்கே வேகம் அதிகம். ரீலில் ஃபிலிம் பள்ளத்துக்குள் சிக்கியிருக்கும், எவ்வளவு ஆட்டினாலும் அசையாது. ஷீட் அப்படியல்ல, இரண்டு விளிம்பில் மட்டும் நிற்கிறது. டேங்கை வேகமாகக் கவிழ்த்தால் ஒரு லிட்டர் மருந்து மொத்தமாக மோதி ஷீட்டைப் பிடுங்கிவிடும். என் இரண்டு ஷீட்டுகள் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஒரு முறை கவிழ்க்க இரண்டரை நொடி எடுத்துக்கொள்ளுங்கள். பால் நிறைந்த பாத்திரத்தைச் சாய்ப்பது போல, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி.

தட்டையான டேங்கானால் மூடும் முன் பக்கங்களை லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள், கசிவு குறையும். உருட்டும் முறையில் இடைவிடாமல் ஆட்டுவதால் நேரத்தை 15 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும்.

நேரம் முடிய 15 நொடி இருக்கும்போது கொட்டத் தொடங்குங்கள்.

9. ஸ்டாப் பாத், ஃபிக்ஸர்

ஸ்டாப் பாத் அரை நிமிடம் போதும். ஃபிக்ஸர் நேரத்தைப் பாட்டிலைப் பார்த்து வையுங்கள். இல்ஃபோர்டு ரேப்பிட் ஃபிக்ஸர் 1+4 என்றால் 2 முதல் 5 நிமிடம். டெல்டா, டி-மேக்ஸ் வகை ஃபிலிமுக்கு அதிகப் பக்கமே நில்லுங்கள்.

ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கெட்டுப்போன ஷீட்டிலிருந்து வெட்டிய சிறு துண்டை வெளிச்சத்திலேயே அதில் போடுங்கள். பால் நிறம் மறைந்து தெளிய எத்தனை நொடி ஆகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு உங்கள் ஃபிக்ஸிங் நேரம். புதிதாகக் கலந்த அன்று வந்த நொடிக் கணக்கைப் பாட்டிலில் எழுதி வையுங்கள். அது இரட்டிப்பானால் அந்த ஃபிக்ஸர் முடிந்தது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், அதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். தனிக் கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் ஆரம்பம் முதலே இருக்கட்டும். சில டெவலப்பர்களில் இருக்கும் மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும்.

10. அலசுதலும் காய வைத்தலும்

குழாயடியில் அரை மணி நேரம் தண்ணீரை ஓட விட வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி 20 முறை. இதுவும் இல்ஃபோர்டு முறைதான், மூன்று டேங்க் தண்ணீரில் முடிந்துவிடும். நான் இன்னொரு தடவை சேர்த்துக்கொள்கிறேன்.

பிறகு ஒரு தட்டில் வெட்டிங் ஏஜென்டை பாட்டிலில் சொன்ன அளவுக்கு மட்டும் கலந்து, ஷீட்டை ஒன்றொன்றாக ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். நனைந்த எமல்ஷன் மிக மென்மையானது. விரலாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். ஒரு மூலையில் கிளிப் போட்டுச் சாய்வாகத் தொங்க விட்டால் தண்ணீர் எதிர் மூலையில் சேர்ந்து சொட்டிவிடும். தூசி குறைந்த, மின்விசிறி ஓடாத அறை. இரண்டு மூன்று மணி நேரம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தால்: மருந்து கலந்து வெப்பம் சரி செய்ய 20 முதல் 30 நிமிடம், ஏற்ற 15, கழுவி அலச 35, பாத்திரம் சுத்தம் செய்ய 10. ஒன்றரை மணி நேரம் கையில் இல்லாத நாளில் தொடங்க வேண்டாம்.

11. நெகட்டிவில் தெரியும் குறைகள்

முதுகில் ஊதா அல்லது நீலத் திட்டு: ஷீட்டின் முதுகு தாங்கியில் ஒட்டி நின்றதால் சாயம் போகவில்லை. படம் கெடவில்லை. தட்டில் போட்டு மறுபடி ஃபிக்ஸ் செய்து அலசினால் போய்விடும், வெளிச்சத்திலேயே செய்யலாம்.

பால் போன்ற மங்கல்: ஃபிக்ஸர் போதவில்லை. இதற்கும் மறுபடி ஃபிக்ஸ் செய்வதே வழி.

சின்னச் சின்ன வட்டத் தெளிவுகள்: காற்றுக் குமிழ். அடுத்த முறை தட்ட மறக்காதீர்கள்.

விளிம்பு மட்டும் கறுத்து, நடு வெளிறி இருந்தால் ஆட்டியது வேகம். ஒரு பக்கமிருந்து கறுப்புப் புகை போலப் பரவியிருந்தால் வெளிச்சக் கசிவு. அந்த ஷீட் எந்த ஹோல்டரில் இருந்தது என்று நோட்டைப் பாருங்கள். அதே ஹோல்டரில் அடுத்த முறையும் வந்தால் ஹோல்டரை ஒதுக்குங்கள். வேறு வேறு ஹோல்டரில் வந்தால் பையையும் டேங்கின் மூடியையும் சோதியுங்கள்.

முழு ஷீட்டும் கண்ணாடி போல வெறுமையாக இருந்தால், எடுக்காத ஷீட்டைக் கழுவியிருக்கிறீர்கள் அல்லது ஃபிக்ஸர் முதலில் போயிருக்கிறது. நாட்ச் பக்கத்து விளிம்பில் ஹோல்டரின் பள்ளம் விட்ட தடம்கூடத் தெரியாது. அன்றைக்கு இன்னொரு ஷீட்டை ஏற்றாமல், குவளைகளின் பெயரையும் டார்க் ஸ்லைடின் பக்கத்தையும் சரிபார்த்துவிட்டு மறுநாள் தொடங்குங்கள்.